மேஜைக்கு வராத பற்கள்

என் மகள் பல்லை உடைத்துக்கொண்டது அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பார்வை சரியில்லை என்று கண்ணாடி மாட்டிவிடுகிறவள், தானே காலையில் பளபளவென்று துடைத்து வைத்த கண்ணாடிக் கதவு சாத்தியிருப்பது தெரியாமல் போய் மோதினாள். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவள் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மேல்வரிசையில் நடுப்பல் ஒன்றின் மூலை காணவில்லை. அது கூடப் பரவாயில்லை. அதற்குப் பக்கத்துப் பல் பாதிக்குப் பாதி போயிருந்தது. மிச்சம் நின்றதில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் ஈறு வரை ஏறியிருந்தது.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் டாக்டரம்மாவிடம் அன்றே கூட்டிப்போனேன். அலட்டிக்கொள்ளாத மனுஷி. மூலை போன பல்லுக்கு ஃபில்லிங் போதும், அரை மணி நேர வேலை என்றார். விரிசல் விட்ட பல்லைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதையும் அடைக்கலாம், ஆனால் விரிசல் விரிந்துகொண்டே போகும், சுற்றிலும் சீவிவிட்டு தொப்பி மாட்டுகிற மாதிரி முழுசாக ஒரு கேப் போட்டு மூடினால்தான் பிடித்து நிறுத்தும் என்றார். இரண்டு பல்லும் ஒரே மாதிரி தெரிய வெனீர் ஒட்ட முடியுமா என்று மகள் கேட்டாள். முன்பக்கம் மட்டும் நகம் போல ஒட்டுகிற மெல்லிய ஓடுதான் வெனீர். நல்ல பல்லை எதற்கு அதற்காகச் சுரண்ட வேண்டும், விரிசல் விட்டதற்கு அது தாங்காது என்று டாக்டரம்மா சொல்லி, தற்காலிகமாக ஏதோ வைத்து மூடி அனுப்பினார். பத்து நாளில் யோசித்து முடிவோடு வரச் சொன்னார். தள்ளிப்போடக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார்.

கேப் என்ற சொல்லைக் கேட்டதுமே அது வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஏனென்று சொல்கிறேன். கேப் செய்வதுதான் என் தொழில்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரு பல் லேபில் பீங்கான் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் வரிசைப் பல்லாக எடுத்து என் மேஜையில் வைப்பார்கள். பெயர் கிடையாது, முகம் கிடையாது, எண் மட்டும்தான். நான் அந்த எண்ணுக்குப் பல் செய்து பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவேன். என் மேஜைக்கு வருகிற பல் ஒவ்வொன்றும் கேப்புக்காகச் சீவப்பட்டு வருவது. சுற்றிலும் இழைத்து, சீவின பென்சில் முனை போல ஒரு குச்சியாக நிற்கும். அதன் மேல்தான் என் வேலை உட்கார வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பளிச்சென்ற சிரிப்பு தெரியும். அதற்கு அடியில் என்ன நிற்கிறது என்று எனக்குத்தான் தெரியும். வெட்டின பல் மறுபடி வளராது. நகமா, முடியா?

அதனால் வீட்டுக்கு வந்ததும் கறாராகச் சொல்லிவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை உன் பல்லில் யாரும் அரம் வைக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் போகட்டும், விரிசல் நிற்கிறதா பார்ப்போம், வேறு வழி கேட்போம் என்றேன். அவள் அப்பா பேருந்து ஓட்டுகிறவர். எங்கள் இருவருக்கும் நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அன்று அவருக்கு விடுமுறை.

மகள் சும்மா இருக்கவில்லை. "நாள் பூரா ஒரு ஜாண் தூரத்துல மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வெச்சு வேலை பாக்குறேன்மா. ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டு இன்னும் எத்தனை நாள் கண்ணாடி மாட்டுறது?" என்றாள். பெரிய தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் பல் மருத்துவமனையில் ஒரே வாரத்தில் முன்வரிசை முழுக்கப் புதுசாக ஆக்கித் தருகிறார்களாம். கடையில் கூட வேலை பார்க்கிற பெண் சொன்னாளாம். முன்வரிசை முழுக்க என்றால் ஆறு பல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் நான் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. லேபில் வேலை முடிந்து ஓரமாகக் கிடந்த மாவுப் பல் மாதிரிகளில் ஒன்றைக் கைப்பையில் போட்டு எடுத்து வந்தேன். ஆறும் சீவிய முன்வரிசை. இருக்கிறதிலேயே மோசமானதாகத் தேடித்தான் எடுத்தேன். அவள் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பாத்துக்கோ. கேப்புக்கு அடியில இதுதான் இருக்கும். உன் பல்லும் இப்படித்தான் ஆகும். போனது போனதுதான்."

அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டுக்குள் அவள் நாக்கு தன் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. கேப் என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் ஒரு மாதமாகி, ஒன்றரை மாதமும் ஆனது. டாக்டரம்மா சொன்னது எனக்கு மறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஞாபகம் வரும். வந்தால், அந்தத் தற்காலிக அடைப்பே நன்றாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மகள் எதையும் ஆறவைத்துச் சாப்பிட்டாள், ஒரு பக்கமாகவே மென்றாள். சிரிப்பதை விட்டுவிட்டாள். இளைக்க ஆசைப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். பல் செய்கிறவள் வீட்டில் பல்லைப் பார்க்க ஆளில்லை.

ஒரு நாள் மாலை கைக்குட்டையால் வாயை மூடியபடி வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் தூசி, தலைவலி என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ப் படுத்துவிட்டாள். நான் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவள். மறுநாள் காலை அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

அன்றுதான் மாவு அக்கா ஒரு கீழ்வரிசையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அச்சில் மாவு ஊற்றுவது அவள் வேலை. தலை முதல் கால்வரை வெள்ளையாகவே திரிவதால் முதலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் மாவு அக்காதான். எந்த வேலைக்கும் எங்களுக்கு இரண்டு வரிசை வேண்டும். பல் செய்ய வேண்டிய வரிசை ஒன்று, கடிக்கும்போது அதோடு சேர்கிற எதிர்வரிசை ஒன்று. எதிர்வரிசைக்குச் சாதாரண மாவு, சீக்கிரம் இறுகிவிடும். வேலை செய்கிற வரிசைக்குக் கல் போன்ற மாவு, அது இறுக ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் கீழ்வரிசை முன்னால் வந்துவிட்டது.

வந்த சீட்டைப் படித்தேன். மேல் முன்பற்கள் ஆறு, கேப், அவசரம் என்றிருந்தது. அனுப்பியது பெரிய தெருவின் புது மருத்துவமனை.

பிறகுதான் அந்தக் கீழ்வரிசையைச் சரியாகப் பார்த்தேன். கீழ் நடுப்பற்கள் நான்கில் ஒன்று, வரிசையில் இடம் கிடைக்காமல் பின்னால் தள்ளப்பட்ட ஆள் மாதிரி, பாதி திரும்பி உள்ளே நின்றது.

என் மகளுக்கும் அதே பல் அப்படித்தான். ஏழு வயதில் அது கோணலாக முளைத்தபோது, தானாகச் சரியாகிவிடும் என்று எல்லோரிடமும் சொன்னவள் நான். சரியாகவே இல்லை. உடைந்தது இரண்டு. ஆறையும் வெட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியாமல் போய், அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, ஆறையும் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். தூசியாம்.

அவளுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், அதனால் கடைக்கே செய்தேன். இன்றைக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருக்கிறாள் என்றார்கள். மறுபடி அவளுக்குச் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

மாவு அறைக்கு ஓடினேன். மேல்வரிசை அச்சு மாவு ஊற்றியபடி கவிழ்ந்திருந்தது. உள்ளே இருப்பது என் பெண்ணின் வாயா இல்லையா என்று மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிடித்து இழுக்கப் போனேன். மாவு அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் பதறவில்லை. இப்போது இழுத்தால் குச்சிகள் உள்ளேயே முறிந்துவிடும், அது யாராக இருந்தாலும் மறுபடி போய் வாயைத் திறந்து அச்சு கொடுக்க வேண்டிவரும் என்றாள். அது என் மகளாக இருந்தால் என்ற நினைப்பில் கையை எடுத்துக்கொண்டேன்.

ஐம்பது நிமிஷம். இறுகும்போது மாவு சுடும். அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி சூடு ஏறிக்கொண்டே வந்தது. நான் என்னென்னவோ நினைத்தேன். திட்ட நினைத்தேன், அழ நினைத்தேன். ஆறு கேப்பையும் நானே செய்ய வேண்டுமே, என் பெண்ணின் பல் குச்சிகளை நாள் முழுக்க வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தபோது கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்தேன். சூடு ஏறி, பிறகு மெல்லத் தணிந்தது. மாவு அக்கா அச்சின் ஓரத்தைக் கத்தியால் நெம்பினாள். பொத்தென்று கழன்றது.

ஆறு குச்சிகள் நின்றன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. பின்பற்களைப் பார்த்தேன். வலது கடைவாயில் ஒரு பல் பிடுங்கின பள்ளம். இடப்பக்கம் தேய்ந்து மழுங்கிய பல். என் மகளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுகூடப் போனதில்லை. இது அவளல்ல. போன உயிர் திரும்பி வந்தது. மாவு அக்காவைக் கட்டிப்பிடித்து, என் உடம்பெல்லாம் வெள்ளையாகும்வரை சிரித்தேன்.

"யாரோ ஒருத்தி பெத்ததுதானே இதுவும்," என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை. அதுதான் வெட்கம். வீட்டில் போன் எடுக்காமல் ஒருத்தி இருக்கிறாளே என்று அப்புறம்தான் உறைத்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. திறந்தால் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். தோளைத் தொட்டுத் திருப்பினேன். மேலுதடு தடித்துத் தொங்கியது. மூக்கின் ஒரு பக்கம் வீங்கி, வீக்கம் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. உடம்பு கொதித்தது. வலி மாத்திரை அட்டை ஒன்று காலியாகத் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்துக்கு முன்னால், காலையில் மாவு அறையில் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

தற்காலிகமாக வைத்த அடைப்பு மூன்று வாரம் முன்பே விழுந்துவிட்டதாம். விரிசல் வழியாக உள்ளே சீழ் பிடித்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அவள் உதட்டை அசைக்க முடியாமல் மெதுவாகத்தான் பேசினாள்.

"டாக்டர்கிட்ட போனா வெட்டிருவாங்கன்னு பயமா இருந்துச்சு. ஃபில்லிங்குக்குப் போனாக்கூட, உள்ள போனதும் இது பத்தாதுன்னு வெட்டிருவாங்கன்னு தோணுச்சு. கண்ணை மூடினா நீ தட்டுக்குப் பக்கத்துல வெச்சதுதான் வருது."

செருப்பை அவள் காலில் நானே மாட்டிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சீழை எடுத்து, வேரைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். நல்லவேளை இன்றைக்காவது வந்தீர்கள், கண்ணுக்கு மேலே ஏறியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும் என்றார். மகள் வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்தபோது நான் அவரிடம் என் வேலையைச் சொன்னேன். மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டியதையும் சொன்னேன். பாவமன்னிப்பு கேட்பது போலத்தான் சொன்னேன்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீங்க செஞ்ச கேப்பை யாராவது வாயில வெச்சு சாப்பிடுறதைப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"ஃபில்லிங் போட்டு பத்து வருஷமா நல்லா இருக்கிற பல்லு உங்க மேஜைக்கு வருமா? வராது. கேப் போட்டு நிம்மதியா மென்னு சாப்பிடுறவங்களும் வர மாட்டாங்க. வெட்டினதை மட்டும் இருபது வருஷமா பாத்துட்டு, பல்லுன்னா இவ்வளவுதான்னு நெனச்சுட்டீங்க."

இருபத்திரண்டு வருஷம் என்று திருத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. வேர் சிகிச்சை முடிய இன்னும் இரண்டு வாரம். அந்த மூன்று வாரமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அவள் தும்மினால்கூட எழுந்து போய் முகத்தைப் பார்ப்பேன். கடைசி நாள் முதலில் மூலை போன பல்லை அடைத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நிறம் பார்த்தே காலம் தள்ளுகிறவள் நான், விளக்கைப் பிடித்துப் பார்த்தும் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இதற்குத்தானா ஒன்றரை மாதம் என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

மிச்சம் அந்த விரிசல் பல். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். உள்ளே உயிர் இல்லை, கூடுதான் நிற்கிறது. வெறுமனே அடைத்தால் பல் வெட்டுப்படாது. ஆனால் ஐந்து வருஷம் நிற்குமா, ஐந்து வாரத்தில் வேரோடு பிளக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. பிளந்தால் பிடுங்குவதுதான். கேப் என்றால் சுற்றிலும் வெட்ட வேண்டும், வெட்டினது திரும்ப வராது, ஆனால் பல்லைப் பிடித்து நிறுத்தும். கேப்பும் ஆயுசுக்கு என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஒரு நாள் மாற்ற வேண்டி வரலாம். இவ்வளவுதான், நீங்களே சொல்லுங்கள் என்று நாற்காலியைச் சாய்த்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா சொல்லட்டும். அவ வேண்டாம்னா நான் எந்திரிச்சு வந்துடுறேன்."

இருபத்து நான்கு வயதுப் பெண். தன் வாய்க்குத் தானே முடிவு சொல்ல முடியாத அளவுக்கு அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தேன். அடைப்பே போதும் என்று சொன்னால் இன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தலையணையில் கிடந்த அந்த முகம் கண் முன்னால் நின்றது.

"வெட்டுங்க டாக்டரம்மா," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

வேண்டுமானால் வெளியே உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று அவர் சொன்னார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மகள் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் பயமா இருக்காம்மா?"

இல்லை என்றுதான் எந்த அம்மாவும் சொல்வாள். "இருக்குடி," என்றேன். "ரொம்ப இருக்கு."

"சரி. எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு அவள் வாயைத் திறந்தாள்.

இயந்திரம் கீச்சென்று கிளம்பியது. இத்தனை வருஷத்தில் ஒரு வாய்க்குள் பல் வெட்டுப்படும் இந்தச் சத்தத்தை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. எனக்கு வெட்டி முடித்ததுதான் வரும். தண்ணீர் தெறித்தது. ஈறு ஓரத்தில் பல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் முகத்தைத் திருப்பினால் அவள் எழுந்துவிடுவாள் என்று தெரிந்தது. அதனால் திருப்பவில்லை. கடைசி வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.